மேடுபள்ளமான நிலத்துக்கு ஜீரோ டர்ன் புல்வெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் ஜீரோ டர்ன் புல்வெட்டி, இரண்டு நெம்புகோல்களால் ஓட்டும் இன்றைய வடிவில், 1960களில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள ஹெஸ்டன் என்ற ஊரில் உருவானது. அது சமவெளியில் பிறந்த இயந்திரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மேடுபள்ளத்தில் அது ஏன் தடுமாறுகிறது என்பது எளிதில் விளங்கும். பின்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார்கள் இயக்குகின்றன. முன்சக்கரங்களோ நாற்காலிச் சக்கரங்களைப் போலத் தம் போக்கில் சுழல்பவை. ஆகவே திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் பிடிப்பை மட்டுமே நம்பியிருக்கின்றன. சரிவில் அந்தப் பிடிப்பு நழுவினால் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும்.

எனவே கடைக்குப் போகும் முன் நிலத்தை அளக்க வேண்டும். 1 மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்புறத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாகப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தால் போதும். அது ஏறத்தாழ 27 செ.மீ. என்றால் சரிவு 15 பாகை. பல நிறுவனங்களின் கையேடுகள் இந்த 15 பாகையையே எல்லையாகக் குறிப்பிடுகின்றன. சில மாதிரிகளுக்கு எல்லை அதைவிடக் குறைவு. அதற்கு மேற்பட்ட சரிவுக்கு, கையேடே அனுமதிக்காதவரை, எந்த ஜீரோ டர்னும் ஏற்றதல்ல.

சரிவு எல்லைக்குள் இருந்து, தொல்லை குண்டும் குழியும் மட்டுமே என்றால், முதலில் பார்க்க வேண்டியது முன் அச்சு. சட்டத்தோடு இறுகப் பொருத்தப்பட்ட அச்சாயின், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது இன்னொன்று அந்தரத்தில் தொங்கும். நடுவில் கீல் வைத்து ஊசலாடும் அச்சு, நான்கு சக்கரங்களையும் தரையில் வைத்திருக்கும். அடுத்தது சஸ்பென்ஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் அமைப்பு. இந்தச் சொல்லை விளம்பரங்கள் தாராளமாகப் பயன்படுத்துவதால், எது எதைத் தாங்குகிறது என்று கேட்டுத் தெளிவது நல்லது. டோரோ நிறுவனத்தின் மைரைடு அமைப்பு, ஓட்டுநர் அமரும் மேடையைத் தாங்குகிறது. முதுகுக்கு அது பெரும் நிம்மதி. ஃபெரிஸ் நிறுவனத்தின் அமைப்போ சக்கரங்களுக்கே சுருள்வில்களைப் பொருத்துவதால், பிடிப்பும் கூடுகிறது. சரிவும் கலந்த நிலத்துக்கு இரண்டாம் வகையே மேல் என்பது என் கருத்து. கப் காடெட் நிறுவனத்தின் சில மாதிரிகளில் நெம்புகோல்களுக்குப் பதிலாக ஸ்டியரிங் இருப்பதோடு, முன்சக்கரங்களும் அதற்கேற்பத் திரும்புகின்றன; பக்கவாட்டுச் சரிவு அதிகமுள்ளவர்கள் இவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம்.

பெரிய டெக் (கத்திகளை மூடியிருக்கும் அடிக்கூடு) வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்ற ஆசை இங்கே பலிக்காது. 60 அங்குல டெக் ஒரு மேட்டைக் கடக்கும்போது, இரு புறமும் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்க, நடுவிலுள்ள கத்தி மேட்டுப் புல்லை மண்தெரிய மொட்டையடித்துவிடும். 42 முதல் 52 அங்குலம் வரை போதுமானது. டெக்கின் அடியிலுள்ள மொட்டையடிப்புத் தடுப்பு உருளைகள் அதிகமாகவும், உயரத்தை மாற்றிக்கொள்ளத் தக்கவையாகவும் இருக்க வேண்டும். சமதரையில் அவை மண்ணைத் தொடாமல் சற்றே மேலே நிற்க வேண்டும். வெட்டும் உயரத்தை மாற்றும்போதெல்லாம் அவற்றையும் மாற்றியமைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குதிரைத்திறனைவிட, எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் டிரான்ஸ்மிஷன் முக்கியம். ஏற்றத்தில் தொடர்ந்து இழுக்கும்போது அதன் எண்ணெய் சூடேறும் என்பதால், எண்ணெயும் வடிகட்டியும் மாற்றக்கூடிய, கனமான வகையைத் தேர்வது நல்லது. அகலமான பின் டயர்கள் வேண்டும். காற்றழுத்தம் இருபுறமும் ஒரே அளவில் இல்லையெனில் டெக் சாய்ந்து, வெட்டும் கோணலாகும்.

கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார் இல்லாத மாதிரியைச் சரிவுள்ள நிலத்துக்கு வாங்கவே கூடாது. அந்த ரோல் பார் மடக்கப்படாமல் நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டை அணிந்தே ஓட்ட வேண்டும். விற்பனையாளரின் தளம்போட்ட முற்றத்தில் எந்த இயந்திரமும் சீராக ஓடும்; இயன்றால் உங்கள் நிலத்துக்கே கொண்டுவரச் செய்து, புல் உலர்ந்திருக்கும் வேளையில், கத்தியை இயக்காமல், மிதமான சரிவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.