ஒரே மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மூணு விதமாகப் பதிவு போடுவது எப்படி?

நம்ம டெல்டாவில் மாப்பிள்ளைச் சம்பா மாதிரி பாரம்பரிய நெல் போட்டு ஆன்லைனில் விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு படம், அதற்கு நாலு வரி, அதையே வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு, யாரும் சீண்டவில்லையே என்று புலம்புகிறார்கள். எப்படிச் சீண்டுவார்கள்? எழுத உட்காரும் முன், பார்க்கிற ஆள் முதலில் என்ன கேட்பார் என்று யோசியுங்கள், அதற்கான பதில் முதல் வரியிலேயே வரட்டும்.

ஊர் விவசாயிகள் குரூப்பில் நீங்கள் விற்கப்போவது அரிசி இல்லை, விதை நெல். எத்தனை நாள் வயது, மழை காற்றுக்குச் சாயுமா, ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) எத்தனை மூட்டை கண்டது, இதுதான் அங்கே பேச்சு. மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் போல ஓடுகிற நெல், குறுகிய காலப் பருவமான குறுவைக்கு ஆகாது, ஆளுயரம் வளர்ந்து சாயவும் செய்யும். அதையெல்லாம் மறைத்துவிட்டு 'அமோக மகசூல்' என்று போட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். கணக்கை மாவிலேயே சொல்லுங்கள், ஹெக்டேர் எல்லாம் அதிகாரிகளோடு இருக்கட்டும். பதிவை ஆடியிலேயே போட்டுவிட வேண்டும், நாற்று விட்ட பிறகு விதை நெல் பதிவு போட்டு என்ன பயன்? எழுத்தைவிட ஒரு நிமிட வாய்ஸ் நல்லது, வரப்பில் நிற்கிறவர் மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

சென்னை, பெங்களூர்க்காரர்களுக்கு நெல்லின் வயது எதற்கு? எவ்வளவு நேரம் ஊறவேண்டும், குக்கரில் எத்தனை விசில், இட்லிக்கு ஆகுமா, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம் என்றாலும் தட்டிப் பார்க்காமல் கண்ணில் படுவது மேலே ஓரிரு வரிதான், அதனால் 'இரவே ஊறப்போடுங்கள்' என்பது அங்கே வரவேண்டும். படத்துக்குக் கீழே லிங்க் போட்டால் அழுத்தினாலும் திறக்காது, ப்ரொஃபைலில் வையுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா பற்றியெல்லாம் இங்கே எழுதலாம், ரசித்துப் படிப்பார்கள். திருத்துறைப்பூண்டி குரூப்பில் அதையே எழுதினால் 'எங்களுக்கேவா' என்பார்கள். ஒன்று மட்டும் எங்கேயும் வேண்டாம்: சர்க்கரை நோய் தீரும் என்று எழுதுவது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 விளம்பர விதிகளில் தடை இருக்கிறது.

அப்புறம் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்ம ஆட்கள். இவர்களை வெறும் ஊர் ஞாபகத்துக்கு 'லைக்' போடுகிறவர்கள் என்று நினைத்துவிடுகிறோம், உண்மையில் இவர்களில் பலர் ஊரில் இருக்கிற அம்மா வீட்டுக்கு ஆர்டர் போடக்கூடியவர்கள். ஆகவே 'மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கித் தருகிறோம், பணம் நீங்கள் அங்கிருந்தே அனுப்பலாம்' என்று தொடங்குங்கள், வயல் படம் ரெண்டாவது. இங்கே மாலை 7 மணி என்றால் சிங்கப்பூரில் 9.30, துபாயில் 5.30. இரண்டு பக்கமும் ஆள் விழித்திருக்கிற நேரம் அது. விலையையும் பதிவிலேயே போட்டுவிடுங்கள், 'இன்பாக்ஸில் வாருங்கள்' என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.