கசகசாச் செடி இருந்த மலையில் காப்பி நட உதவப் போகிறீர்களா?

ஊரிலிருந்து கசகசா கொண்டுவரக் கூடாது என்பது சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் தெரிந்த விஷயம்தான், அதனால்தான் நம்மில் பலர் குருமாவுக்கு முந்திரியை அரைத்து ஊற்றுகிறோம். அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். அதைப் பயிரிடுகிற மலைக்கிராமங்கள் நமக்கு ஒன்றும் தூரமில்லை. 2023இல் மியன்மாரில் மட்டும் ஏறக்குறைய 1,080 டன் அபின் விளைந்ததாக ஐநா கணக்கிட்டது, ஆப்கானிஸ்தானையே முந்திவிட்டார்கள்.

"அவர்களுக்குக் காப்பிக் கன்று வாங்கிக் கொடுக்கலாமே" என்று கேட்டு அடிக்கடி நண்பர்கள் வருகிறார்கள். நல்ல மனசு. ஆனால் கன்று கடைசியில் வர வேண்டியது.

முதல் பயணத்தில் எதையும் கொண்டு போகாதீர்கள். நாலைந்து குடும்பங்களோடு, முக்கியமாகப் பெண்களோடு, உட்கார்ந்து பன்னிரண்டு மாதக் கணக்கு ஒன்று போடுங்கள்: வீட்டில் அரிசி எந்த மாதம் தீருகிறது, அப்போது யாரிடம் கடன் வாங்குகிறார்கள், அதை எதைக் கொடுத்து அடைக்கிறார்கள். பெரும்பாலும் பதில் அபின் வியாபாரியில் போய் நிற்கும். விதைக்கும் முன்பே முன்பணம் தருபவர் அவர், சாலை இல்லாத ஊருக்கும் வாசல் தேடி வந்து சரக்கை எடுத்துக்கொள்பவரும் அவர்தான், காய்ந்த அபின் கெடாது என்பதால் அவசரத்துக்கு விற்கிற நகை மாதிரி அது பரணில் கிடக்கும், ஆஸ்பத்திரி எட்டாத இடத்தில் வலிக்கும் இருமலுக்கும் மருந்தும் அதுவே. கடன், கொள்முதல், சேமிப்பு, மருந்து என்று அந்தச் செடி செய்கிற நான்கு வேலைக்கும் நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். காப்பி அதில் ஒன்றுக்குத்தான் பதில்.

செடியை முதலில் பிடுங்கச் சொல்கிறவர்களோடு சேராதீர்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மியன்மாரின் கோகாங்கில் 2003இலும் வா இனத்தவர் பகுதியில் 2005இலும் தடை ஒரேயடியாக வந்தது, மாற்று வருமானம் வரவில்லை, உலக உணவுத் திட்டம் அரிசி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. தாய்லாந்தில் வேறு விதமாகச் செய்தார்கள். மன்னரின் மலைத்திட்டம் 1969இலேயே தொடங்கிவிட்டது, அரசு செடிகளை அழிக்கத் தொடங்கியதோ 1980களின் நடுப்பகுதியில்தான். நடுவே பதினைந்து ஆண்டுகள்! 1988இல் சியாங் ராய் பக்கம் தோய் துங்கில் ராஜமாதா தொடங்கிய திட்டத்திலும் முதலில் அபினுக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள், மொட்டை மலையில் மரம் நட நாள்கூலி கொடுத்தார்கள். காப்பியும் மெக்கடேமியாக் கொட்டையும் காசாகும்வரை அந்தக் கூலிதான் சோறு போட்டது.

அந்த இடைவெளியை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அபின் சில மாதப் பயிர், காப்பி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை பீன்ஸ், காய்கறி, கோழி, பன்றி, கூலிவேலை என்று எதையாவது சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும், உங்கள் பணத்தில் பெரும்பகுதி இதற்கே போகட்டும். நிலத்தில் அவர்களுக்கு உரிமை இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், நாளைக்குப் பிடுங்கப்படலாம் என்ற நிலத்தில் யாரும் மரம் வைக்க மாட்டார்கள்.

அப்புறம் கொள்முதல். காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே தோலுரிக்காவிட்டால் தரம் போய்விடும், அதனால் தோலுரிக்கும் இயந்திரமும் காயவைக்கும் மேடையும் கிராமத்திலேயே இருக்க வேண்டும். மியன்மாரின் ஷான் மாநிலத்தில் உள்ள கிரீன் கோல்டு கூட்டுறவு ஐநா உதவியோடு பிரான்சின் மலோங்கோ காப்பி நிறுவனத்தை வாங்குபவராகப் பிடித்தது. உங்கள் குழுவால் முடிந்தது சிறியதாக இருக்கலாம், இங்கே காப்பிக் கொட்டை வறுக்கிற ஒரு கடையை இரண்டு மூன்று அறுவடைக்கு எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்தாலே பெரிய உதவி.

இங்கே சட்டத்தையும் கவனியுங்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் வெள்ளி திரட்ட முன்கூட்டியே அனுமதி வேண்டும். சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம், ஆகவே ஊர்ப் பெரியவர் அன்பாகக் குழாயை நீட்டினாலும் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். மியன்மாரில் சண்டை நடக்கிற பகுதிகளுக்கு நேராகப் போகவே வேண்டாம், எங்கே போனாலும் ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற அமைப்பு ஒன்றின் வழியாகப் போங்கள்.

எப்போது போவது? டிசம்பர் விடுமுறைதான் எல்லாருக்கும் தோதாக இருக்கும், ஆனால் கசகசா விதைப்பு செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்கிவிடும், வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது அதற்கும் முன்னால். ஜூன் பள்ளி விடுமுறையிலேயே கிளம்புங்கள், பானையில் அரிசி குறைகிற நேரமும் அதுதான்.