மவுண்டன் பைக்கின் பின் ஷாக்: அளவு பார்த்து வாங்குவதும் செட் பண்ணுவதும்

தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறைப் பக்கம் போனால் ரப்பர் தோட்டங்களுக்குள் மண்பாதைகள் ஓடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மேல்மண் அரித்துப்போய், வேர்கள் பாதைக்குக் குறுக்கே விரல் விரலாகக் கிடக்கும். பின் ஷாக் சரியாக இருந்தால் அந்த வேர்களில் டயர் தரையை விடாமல் போகும். சரியில்லை என்றால் இடுப்புதான் வாங்கும். பின்பக்கம் ஷாக் வைத்த சைக்கிளை முதன்முதலாக வைத்திருப்பவர்களுக்காக, வாங்குவதிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். (தோட்டத்துக்குள் கேட்டுவிட்டுப் போங்கள். காட்டுப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே வேண்டாம்.)

முதலில் அளவு

விலைக்கும் பெயருக்கும் முன்னால் இரண்டு எண்களைப் பாருங்கள். 210×50 என்று போட்டிருந்தால், இரண்டு முனையிலும் போல்ட் போகிற ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 210 மி.மீ. அந்த ஷாக் அதிகபட்சம் அமுங்கும் தூரம் 50 மி.மீ. இரண்டாவது எண்ணுக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். பழைய ஃப்ரேம்களில் 200×57 மாதிரி அங்குலக் கணக்கில் வந்த அளவுகள் இருக்கும். 2016 வாக்கில் மெட்ரிக் அளவுகள் வந்தன. 200-க்குப் பதிலாக 210-ஐ மாட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். சில ஃப்ரேம்களில் மேல்முனையில் ஓட்டையே இருக்காது, இரண்டு பக்கமிருந்தும் போல்ட் ஏறும். அது ட்ரனியன் வகை, அதற்கு அந்த வகைதான் சேரும்.

இதில் நான் பட்ட பாடு உண்டு. என் ஃப்ரேமுக்கு 210×50. கையில் வந்தது 210×55, பழையதானாலும் நல்ல நிலையில் இருந்தது. ஓட்டைக்கு ஓட்டை பொருந்திவிட்டதே என்று மாட்டிவிட்டேன். அந்த 5 மி.மீ. பின் சக்கரத்தில் 13 மி.மீ. ஆகிறது. சானல் (பாசனக் கால்வாய்) கரையிலிருந்து ஒரு மடை இறக்கத்தில் குதித்தபோது டயர் சீட் குழாயில் உரசிப் பெயின்ட்டைச் சுரண்டியது. நாகர்கோவிலில் எனக்கு எப்போதும் வேலை பார்த்துத் தரும் மெக்கானிக் அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அளவெடுத்துட்டு வாங்கப்பிடாதா மக்களே?" என்றார்.

அவர் அன்று சொல்லித்தந்த சோதனையை இன்றுவரை விடாமல் செய்கிறேன். புது ஷாக் மாட்டியதும் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சீட்டில் கைவைத்துக் கடைசிவரை அமுக்குங்கள். ஸ்ப்ரிங் வகை என்றால் ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு அமுக்க வேண்டும். டயர், ஃப்ரேம், கேபிள் எதுவும் ஒன்றில் ஒன்று இடிக்கக் கூடாது. அதன் பிறகுதான் வண்டி வெளியே போகலாம்.

காற்றா, ஸ்ப்ரிங்கா?

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை காற்று ஷாக்தான். எடை குறைவு, உங்கள் உடல் எடைக்கு ஏற்ற மாதிரி பம்பு வைத்தே மாற்றிக்கொள்ளலாம். ஸ்ப்ரிங் ஷாக் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் இன்னும் மென்மையாக ஓடும், நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் அதன் குணம் அதிகம் மாறாது. ஆனால் எடைக்குச் சரியான ஸ்ப்ரிங்கைத் தேடி வாங்க வேண்டும்.

அதற்கு ஒரு தோராயக் கணக்கு. சக்கரம் 130 மி.மீ. நகர்கிறது, ஸ்ட்ரோக் 50 என்றால், 130-ஐ 50-ஆல் வகுக்க 2.6. அதாவது ஷாக் 1 மி.மீ. அமுங்கினால் சக்கரம் 2.6 மி.மீ. நகரும். சாமான்களோடு நீங்கள் 75 கிலோ, அதில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல் பின்சக்கரத்தில் விழும் என்று வைத்துக்கொண்டால் 46 கிலோ. அதை 2.6-ஆல் பெருக்கினால் 120 கிலோ, அதாவது 264 பவுண்டு. நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் 15 மி.மீ. அமுங்க வேண்டும் (ஏன் என்று கீழே 'சேக்' பகுதியில் வரும்), அது 0.59 அங்குலம். 264-ஐ 0.59-ஆல் வகுத்தால் 450-க்குப் பக்கம் வரும். இது ஸ்ப்ரிங்கை ஓர் அங்குலம் அமுக்கத் தேவையான பவுண்டு. ஸ்ப்ரிங்கில் 450 என்று எழுதியிருப்பதை முதலில் போட்டுப் பாருங்கள்.

விலை குறைந்த டபுள் சஸ்பென்ஷன் சைக்கிள்களின் ஸ்ப்ரிங்கில் 750, 1000 என்றெல்லாம் இருக்கும். அதில் திருகுகிற வளையம் ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கும், அவ்வளவுதான். கெட்டித்தன்மை மாறாது. நிறையச் சுற்று திருகினால்தான் சரியாகிறது என்றால் மாற்ற வேண்டியது ஸ்ப்ரிங்கை.

மாட்டுவது

போல்ட்டுகளின் இறுக்கத்துக்கு ஃப்ரேம் கையேட்டில் எண் இருக்கும், அதே அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். முனைகளின் ஓட்டைக்குள் இருக்கும் புஷ்ஷில் (போல்ட்டைச் சுற்றிய சின்ன உருளை) ஆட்டம் இருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய புஷ்ஷோடு புது ஷாக் போட்டால் கடகடவென்ற சத்தம் போகாது.

சேக் வைப்பது

எனக்குக் கேட்டால் முழு வேலையில் பாதி இதுதான். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் எவ்வளவு அமுங்குகிறதோ அதுவே சேக். சாதாரணப் பாதைக்கு ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம். 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 30 சதவீதம் என்றால் 15 மி.மீ.

காற்று ஷாக் என்றால், டயருக்கு அடிக்கும் பம்பு இதற்கு ஆகாது. ஷாக் பம்பு தனியாக இருக்கிறது. உங்கள் எடையைப் பவுண்டில் கணக்கிட்டு அத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடியுங்கள், 75 கிலோவுக்கு 165. ஷாக்கில் அச்சடித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது. 50 பிஎஸ்ஐ ஏறும்போதெல்லாம் நிறுத்தி, சீட்டை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். உள்ளே இரண்டு காற்றறைகள் உண்டு, அமுக்கும்போதுதான் இரண்டும் சமமாகும். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தம் குழாயில் இருந்த காற்று. மறுபடி மாட்டினால் எண் குறைந்து தெரியும், அதுவும் குழாய்க்குள் காற்று போவதால்தான். கசிவு என்று பயப்பட வேண்டாம்.

அடுத்து ஹெல்மெட், பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் ஏறுங்கள். ஷாக்கை அமுங்கவிடாமல் பிடிக்கும் லாக் இருந்தால் அது திறந்திருக்கட்டும். சுவரைப் பிடித்தபடி இரண்டு தடவை குதித்து அமர்ந்துவிட்டு, ஓட்டும் நிலையில் அசையாமல் இருங்கள். ஷாக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே போகும் இடத்தில் இருக்கும் சீலோடு ஒட்டித் தள்ளுங்கள், கை எட்டவில்லை என்றால் கூட இருப்பவர் தள்ளட்டும். மெதுவாக இறங்குங்கள், துள்ளக் கூடாது. சீலுக்கும் வளையத்துக்கும் இடையே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 18 வந்தால் காற்று போதாது, 11 வந்தால் கூடுதல். ஐந்து ஐந்து பிஎஸ்ஐயாக மாற்றுங்கள்.

ரீபவுண்ட்

அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக மீள வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சிவப்புத் திருகு முடிவு செய்யும். அதை வலப்புறம் முழுக்க மூடி, பிறகு ஒவ்வொரு கிளிக்காக எண்ணித் திறந்து நடுவில் நிறுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு நடைபாதைத் திட்டிலிருந்து மெதுவாக இறங்குங்கள். ஒரே ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஒரு கிளிக் மூடுங்கள். எழும்பவே சோம்பலாக இருந்தால் ஒரு கிளிக் திறங்கள்.

ரப்பர் வேர்களில் இதன் பலன் நன்றாகத் தெரியும். ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் முதல் வேரில் அமுங்கிய ஷாக் நிமிர்வதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். நாலாவது வேரில் ஷாக் கட்டையாகிவிடும். வேகமாக இருந்தால் பின்சக்கரம் குதிரை மாதிரி உதைக்கும்.

ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷன் திருகு இருந்தால் முதல் சில நாட்கள் முழுக்கத் திறந்தே வைத்திருங்கள். ஏற்றத்தில் லாக் போட்டவர்கள் இறக்கத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

ஓட்டிப் பார்த்து

வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வளையத்தைப் பாருங்கள். உங்கள் பாதையின் மிகக் கடினமான இடத்தில் மட்டும் அது கடைசி வரை போய் வந்திருந்தால் நல்லது. சேக் சரியாக இருந்தும் சும்மா சும்மா அடிமட்டத்தில் முட்டினால், காற்றறைக்குள் ஒரு ஸ்பேசர் (உள்ளிடத்தைக் குறைக்கும் துண்டு) சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பிஎஸ்ஐயையும் கிளிக்கையும் எழுதி வையுங்கள்.

முட்டம், குளச்சல் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். கடல்மண் சீலுக்கடியில் ஒட்டிக்கொண்டு தண்டைக் கீறும், உப்பு போல்ட்டைத் தின்னும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தண்டைத் துடைத்துவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் விட்டு அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம், டீசலும் வேண்டாம், சீல் ரப்பர் கெட்டுவிடும். சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை காற்றறையைக் கழற்றிச் சுத்தம் செய்து சீல் மாற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்குவது கட்டாயம். எண்ணெயும் நைட்ரஜனும் அடைத்த டாம்பர் பகுதியை வீட்டில் திறக்காதீர்கள், அது அதற்கென்று கருவி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது.