சங்கிலி ராட்டினம்: லெகோவில் முதலில் சுற்றட்டும், கூரை பிறகு

லெகோவில் ராட்டினம் கட்டத் தொடங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கூரையில்தான் தொடங்குகிறார்கள். நிறம், கொடி, வளைவு எல்லாம் வடிவாக வந்த பிறகு மோட்டார் வைக்க இடம் தேடினால் இடம் இருக்காது. தயவுசெய்து தலைகீழாகச் செய்யுங்கள். நாற்காலிகள் தொங்கும், சுற்றச் சுற்ற வெளியே விரிந்து பறக்கும் சங்கிலி ராட்டினத்தையே எடுத்துக்கொள்வோம், எனக்குப் பிடித்தது அதுதான்.

கொழும்பில் எங்காவது கார்னிவல் போட்டிருந்தால் போய், தள்ளி நின்று ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். ஒரு நாற்காலியை மட்டும் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மையத்திலிருந்து 7 மீற்றரில் பறக்கும் நாற்காலி நிமிடத்துக்கு 10 சுற்றுப் போகிறது என்று வைப்போம், சங்கிலி ஏறத்தாழ 38 பாகை சரிந்து நிற்கும். இப்போது 16 சென்ரிமீற்றர் ஆரையுள்ள உங்கள் மொடலையும் அதே 10 சுற்றில் ஓட்டிப் பாருங்கள், ஒரு பாகைதான் சரியும், அதாவது கண்ணுக்கே தெரியாது. கோணவேகத்தின் வர்க்கத்தை ஆரையால் பெருக்கி ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுத்தால் சரிவுக் கோணத்தின் தான்சன் (tan) வரும். ஆகவே ஆரை எத்தனை மடங்கு சிறுக்கிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு வேகம் கூட வேண்டும். இங்கே ஆரை கிட்டத்தட்ட 44 மடங்கு சிறியது, வேகம் 6.6 மடங்கு, எனவே நிமிடத்துக்கு 66 சுற்று வேண்டும். நாற்காலியின் பாரம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, 66 சுற்றுக்கு வருவோம். லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மின்பாக வரிசையிலுள்ள எம் மோட்டார் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுச் சுற்றும். மோட்டார் பக்கம் 8 பல் உள்ள பற்சில்லு, ராட்டினப் பக்கம் 40 பல் உள்ளது என்று வைத்தால் ஐந்தில் ஒன்றாகி 80 வரும், சுமை ஏறியதும் அது தானாகவே இன்னும் இறங்கும். இரண்டு அச்சுக்கும் இடையே எத்தனை குமிழ் (லெகோத் துண்டின் மேலுள்ள வட்டப் புடைப்பு) தூரம் விடுவது என்று பலர் தடவித் தடவிப் பார்க்கிறார்கள், தேவையே இல்லை: இரண்டின் பற்களையும் கூட்டி 16ஆல் வகுங்கள். 8ம் 40ம் 48, விடை 3 குமிழ், அதாவது 24 மில்லிமீற்றர். 16ஐயும் 24ஐயும் சேர்த்தால் இரண்டரை வரும், அரைக் குமிழோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்தச் சோடியை விட்டுவிடுங்கள்.

வோம் கியர் (திருகாணி வடிவப் பற்சில்லு) போடலாமா என்று கேட்பார்கள். நின்ற இடத்தில் பின்னுக்குச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால் செங்குத்தாகச் சுற்றும் பெரிய ராட்டினத்துக்கு அது நல்லது. இதற்கு வேண்டாம். மோட்டாரை நிறுத்தியதும் சட்டென்று நின்றால் நாற்காலிகள் எல்லாம் முன்னுக்குப் பாய்ந்து ஒன்றோடு ஒன்று சிக்கும். தொடக்கமும் மெதுவாக இருக்க வேண்டும், அதற்கு மோட்டாருக்கும் முதல் பற்சில்லுக்கும் நடுவில் ஒரே அளவான இரண்டு கப்பிகளைப் போட்டு றப்பர் வளையம் மாட்டுங்கள், அது கொஞ்சம் வழுக்கி வழுக்கித்தான் வேகம் பிடிக்கும், ஏதாவது இறுகினாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

நடுத்தண்டை ஒரே ஒரு நீண்ட அச்சில் நிறுத்தாதீர்கள், அது முறுகும். அடியில் டேர்ன்டேபிள் (விளிம்பில் பற்கள் உள்ள சுழல்தட்டு) வைத்து, அதன்மேல் பீம்களால் (துளைகள் உள்ள நீளத் துண்டுகள்) தூணைக் கட்டி, முழுத் தூணையும் சுற்ற விடுங்கள். 40 பல் போகும் இடத்தில் டேர்ன்டேபிளின் வெளிப்பற்கள் வந்துவிடும், அவை எத்தனை என்று எண்ணிக் கணக்கை இன்னொருமுறை போடுங்கள். ஆறு ஏஏ பற்றரி போட்ட பெட்டியை அடித்தளத்துக்குள் படுக்க வையுங்கள், நல்ல பாரம், மேசையில் நகராது.

தொங்கவிடச் சங்கிலித் துண்டுகள் கிடைக்காவிட்டால் மீன்பிடிக்கிற தங்கூசி போதும். ஒரு நாற்காலிக்கு இரண்டு இழை, ஒன்று மட்டும் கட்டினால் நாற்காலி தன்பாட்டுக்குச் சுழலும். என் முதல் மொடலில் ஒரு இழை 3 மில்லிமீற்றர் குட்டையாகப் போனது, அந்த நாற்காலி ஒருக்களித்துப் பறந்து பக்கத்து நாற்காலியின் இழையில் கொளுவி, அரை நிமிடத்துக்குள் எட்டு நாற்காலிகளில் ஐந்து முடிச்சாகிவிட்டது. இப்போது கடதாசி மட்டையில் இரண்டு கோடு போட்டு, எல்லா இழையையும் அதன்மேல் நீட்டி வைத்துத்தான் வெட்டுகிறேன். நாற்காலி மிகப் பாரம் குறைந்ததாக இருந்தால் முடிச்சின் விறைப்பே அதை விரிய விடாது, ஒவ்வொன்றிலும் ஒரு பொம்மையை ஏற்றுங்கள். எதிரெதிர் நாற்காலிகளில் பாரம் சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தூண் ஆடும்.

சோதிக்கும்போது மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள், அந்தக் காற்றே நாற்காலிகளைக் கலைக்கும். வெள்ளவத்தை மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருந்தால் ஓட்டி முடித்ததும் பற்றரியைக் கழற்றி வையுங்கள், உப்புக் காற்றில் தகடுகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். அப்புறம் பக்கத்திலிருந்து நேர்மட்டமாக ஒரு வீடியோ எடுத்து, படத்தில் பாகைமானியை வைத்துச் சரிவை அளந்து பாருங்கள். 35 பாகை தாண்டினால் இனிக் கூரையைத் தொடங்கலாம், ஆனால் விளிம்பைத் தூக்கிக் கட்டுங்கள், விரிந்து பறக்கும் இழை அதில் முட்டக்கூடாது.