அங்சானா பூக்கும் நாளில் தேனீயிடம் செய்யக் கூடாதவை

தைப்பூசம் முடிந்து பினாங்கில் வெயில் நன்றாகக் காய்ந்தபின் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், சில நாளில் சாலையோர அங்சானா மரங்கள் ஒன்றாகப் பூத்துவிடும். நம் சங்கப் பாடல்களில் வரும் வேங்கைக்கு நெருங்கிய உறவு இந்த மரம். அதே மஞ்சள், அதேபோல் அடியில் கொட்டிக் கிடக்கும். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். அந்த ஒரு நாளுக்குள் தேனும் மகரந்தமும் எடுத்துவிடக் காட்டுத் தேனீக்கள் மொய்க்கும். மரத்துக்கும் காய் பிடிக்க அவை வேண்டும்.

இந்தச் சமயத்தில்தான் பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடையே இல்லாமல் தேனீக்கள் மட்டும் கொத்தாகத் தொங்கினால், அது இடம் மாறும் கூட்டம். காக்க வேண்டிய புழுவோ தேனோ அங்கே இல்லை, அதனால் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானே போய்விடும்.

அடை கட்டிவிட்டால் கதை வேறு. மலைத்தேனீ ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். குளவி நெருங்கினால் அடைமேல் இருக்கும் தேனீக்கள் அலை அலையாக உடலைத் தூக்கி மினுங்கும். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அது எச்சரிக்கை. கிட்டே போகாதீர்கள், கல்லெறியும் புகையும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கோ பள்ளிக்கோ பக்கத்தில் என்றால் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

கொட்டிவிட்டால் அங்கேயே நின்று கையை வீசி அடிக்காதீர்கள். கொடுக்கிலிருந்து வரும் வாசம் மற்ற தேனீக்களையும் அழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள். அப்புறம் கொடுக்கை எப்படியாவது சீக்கிரம் எடுத்துவிடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை.

இன்னொரு தவறு, துவாலாங் தேன் என்று விற்கும் காட்டுத்தேன் துவாலாங் மரத்தின் பூவிலிருந்து வருகிறது என்று நம்புவது. கெடாவில் பெடு ஏரிப் பக்கத்துக் காடுகளில் 80 மீட்டர் வரை வளரும் அந்த மரம், மலைத்தேனீக்குக் கூடு கட்டும் இடம். வழவழப்பான அடிமரத்தில் கரடி ஏறுவது கடினம். தேன் என்னவோ சுற்றுவட்டாரத்தில் பூத்த பல மரங்களுடையது.

கடைசியாக, இரவில் அடுக்குமாடி வீட்டுக்குள் தேனீக்கள் நுழைந்தால் தாக்க வந்ததாக நினைத்துவிடாதீர்கள். மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் இரை தேடும், விளக்கைக் கண்டால் திசை தடுமாறி வந்துவிடும். எங்கள் வீட்டிலும் ஒரு முறை அப்படித்தான் வந்தன. பால்கனி விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். காலையில் ஒன்றுகூட இல்லை.