ரிஜிஃபோம் இறக்கைக்கு ஏர்ஃபொயில் டெம்ப்ளேட்: கணினியில் வரைந்து, அளவு பிசகாமல் வெட்டுவது

மாதிரி விமானத்துக்கு ரிஜிஃபோமில் (வெள்ளை நுரைப் பலகையில்) இறக்கை வெட்டப் பழகுபவர்கள், வடிவம் பிசகினால் நுரையை உருக்கி வெட்டும் சூட்டுக்கம்பியைத்தான் குறை சொல்வார்கள். பிழை பெரும்பாலும், கம்பியை வழிநடத்தும் டெம்ப்ளேட்டுக்காக ஏர்ஃபொயிலை (இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை) அச்சடித்த கடதாசியிலேயே இருக்கும். பிரின்ட் எடுத்தபோது படம் 3 சதவீதம் சுருங்கியிருக்கும், யாரும் அளவுகோல் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழகுவதற்கு கிளார்க் வை என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1922இல் வேர்ஜினியஸ் கிளார்க் வரைந்தது. அதிகபட்சக் கனம் நாணில் 11.7 சதவீதம். (நாண் என்றால் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நேர் நீளம்.) அடிப்பக்கம் 30 சதவீதத்துக்குப் பின்னால் தட்டை என்பதால் மேசையில் ஆடாமல் உட்காரும்.

நாண் எவ்வளவு?

இணையத்தில் கிடைக்கும் பிளான்களில் பெரும்பாலானவை தாழ்நிலக் காற்றை நினைத்து வரைந்தவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. அதனால் அதே எடையுள்ள விமானம் மிதந்து நிற்க 9 முதல் 10 சதவீதம் கூடுதல் வேகம் கேட்கும். தோட்டத்து மைதானங்கள் சின்னவை. இறங்கும்போது அந்தக் கூடுதல் வேகம் விமானத்தை நேரே தேயிலைச் செடிக்குள் கொண்டுபோய் விடும். பரப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் பழைய வேகத்திலேயே இறக்கலாம். இறக்கை நீளத்தை மாற்றாமல், பிளானில் 170 மி.மீ. என்றிருக்கும் நாணை 200 ஆக்குங்கள். பண்டாரவளை, ஹட்டன் பக்கம் 190 போதும். கீழே உள்ள கணக்கெல்லாம் 200க்கு.

வரைதல்

ஏர்ஃபொயில் டூல்ஸ் தளத்தில் கிளார்க் வை என்று தேடி, ப்ளொட்டர் பகுதியில் நாண் 200 மி.மீ. என்று கொடுங்கள். வரும் படத்தை இறக்கி, இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறவுங்கள்.

எதையும் அளக்கும் முன் ஒரு செட்டிங் மாற்ற வேண்டும். இங்க்ஸ்கேப் வழக்கமாகக் கோட்டின் தடிப்பையும் சேர்த்தே அகலத்தைக் காட்டும். 1 மி.மீ. தடிப்புள்ள கோட்டுக்கு 200 என்று அகலம் கொடுத்தால் உண்மையான நாண் 199தான். விருப்பத்தேர்வுகளில் கருவிகள் பகுதிக்குப் போய், எல்லைப் பெட்டியை வடிவியல் முறைக்கு மாற்றுங்கள். கோட்டை 0.2 மி.மீ. ஆக்குங்கள். பூட்டுக் குறியை அழுத்தி, அகலத்தை 200 ஆக்குங்கள். பூட்டாமல் மாற்றினால் கனம் கூடவே மாறாது, கிடைப்பது வேறொரு ஏர்ஃபொயில்.

அடுத்து சாய்வு. கோப்பில் நாண் கோடு கிடையாக இருப்பதால், தட்டையான அடிப்பக்கம் சரிந்து தெரியும். அது பிழையில்லை. முன்விளிம்பு மேலே எழும்படி 2 பாகை சுழற்றுங்கள். அடிப்பக்கம் படுத்ததும், முன்விளிம்பு அந்தக் கோட்டிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். முன்னிருந்து 60 மி.மீ.இல் மொத்தக் கனம் 23.4 மி.மீ. இந்த இரண்டு எண்களும் பொருந்தினால் வரைபடம் சரி.

பின்விளிம்பு கத்தி முனை போல முடியும். ரிஜிஃபோமில் அந்த நுனி நிற்காது, உருகிப் பல்லுப் பல்லாகிவிடும். 196 மி.மீ.இல் நேராக நறுக்குங்கள், 1.3 மி.மீ. கனம் மிஞ்சும்.

ஏர்ஃபொயிலை ஆராயும் எக்ஸ்எஃப்எல்ஆர்5 போன்ற மென்பொருளில் புள்ளிக் கோப்பை (வடிவத்தைப் புள்ளிகளாக எழுதிய கோப்பை) திறக்கும்போது நடுவே குறுக்குக் கோடு ஓடினால், புள்ளிகளின் வரிசைதான் காரணம். ஒரு வகைக் கோப்பு பின்விளிம்பில் தொடங்கி, மேல்பக்கமாக முன்னே வந்து, அடியால் திரும்பும். மற்றது இரு பக்கங்களையும் முன்விளிம்பிலிருந்தே தொடங்கும். இரண்டாவது வகையென்றால் மேல்பக்க வரிகளைத் தலைகீழாக அடுக்குங்கள்.

கம்பி தின்னும் அளவு

சூடான கம்பி தன்னைச் சுற்றியும் கொஞ்சம் உருக்கும். இரண்டு நேரான சட்டங்களை 20 மி.மீ. உயர வித்தியாசத்தில் வைத்து ஒரு துண்டு வெட்டி அளந்து பாருங்கள். 19.2 வந்தால் பக்கத்துக்கு 0.4 மி.மீ. போகிறது. இங்க்ஸ்கேப்பின் பாதை விளைவுகளில் ஆஃப்செட்டை எடுத்து, வடிவத்தை 0.4 வெளியே தள்ளுங்கள். கம்பியின் சூடோ இழுக்கும் வேகமோ மாறினால் இந்த எண்ணும் மாறும்.

பிரின்ட்

படத்துக்குப் பக்கத்தில் 100 மி.மீ. கோடு இரண்டு வரையுங்கள், ஒன்று கிடையாக, ஒன்று நிமிர்ந்து. ஏ4 தாளைக் குறுக்கே வைத்து பிடிஎஃப் ஆக்குங்கள். கொமியூனிகேஷன் கடையில் கொடுக்கும்போது, தாளுக்குப் பொருத்தாமல் 100 சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பொருத்தினால் 97 சதவீதமாகி 200 மி.மீ. 194 ஆகிவிடலாம். இறக்கைத் துண்டின் இரு முனைக்கும் ஒவ்வொரு டெம்ப்ளேட் வேண்டும், அதற்கான இரண்டு பிரதிகளையும் பிரின்டாகவே எடுங்கள். போட்டோகொப்பி இயந்திரம் ஒரு பக்கமாக இழுத்துவிடும்.

லேசர் பிரின்டரின் சூட்டில் தாள் காய்ந்து வரும், மலைநாட்டு ஈரத்தில் மறுபடி விரியும். அரை மணி நேரம் விட்டு இரு கோடுகளையும் அளங்கள். அரை மில்லிமீற்றருக்கு மேல் பிழை இருந்தால் திரும்ப அடியுங்கள். பைண்டர் கம் பூசி ஒட்ட வேண்டாம். அதிலுள்ள தண்ணீரில் தாள் ஊறி நீளும். க்ளூ ஸ்டிக் போதும்.

டெம்ப்ளேட்

3 மி.மீ. பிளைவுட் அல்லது ஃபோமிக்கா நல்லது. பிளாஸ்டிக் அட்டை கம்பி பட்டதும் உருகும். இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஆணியடித்து, ஒன்றாகவே அரத்தால் தேயுங்கள். பிறகு கண்ணை மூடி விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்படும் இடத்தில் கம்பியும் தட்டுப்படும், அந்த ஒரு புள்ளி இறக்கை முழுவதும் பள்ளமாக ஓடும்.

நாணில் 10 சதவீதத்துக்கு ஒன்றாக, அதாவது 20 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு எண் எழுதுங்கள். வெட்டும்போது கம்பியின் இரு முனையையும் பிடிக்கும் இருவரும் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கம்பியை நகர்த்த வேண்டும். ஒருவர் நாற்பதில் இருக்க மற்றவர் ஐம்பதுக்குப் போனால் இறக்கை முறுகிவிடும்.

நுனி குறுகும் இறக்கையென்றால், உதாரணமாக அடியில் (உடலோடு சேரும் முனையில்) 200, நுனியில் 150, நுனிக் கோடுகள் 15 மி.மீ. இடைவெளியில் வரும். அப்போது ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் அடி, நுனி, இடது, வலது என்று எழுதிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். எழுதாமல் விட்டால் இரண்டு இடது இறக்கைகள்தான் கையில் மிஞ்சும்.