செக்கு எண்ணெய்: கிலோ விலையா, லிட்டர் விலையா? கணக்குப் போடுவது எப்படி

ஒரு செக்கில் கடலை எண்ணெய் கிலோ 330 ரூபாய், அடுத்த தெருவில் லிட்டர் 310 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எது மலிவு? பார்த்தவுடன் லிட்டர்தான் என்று தோன்றும். இல்லை, கிலோவுக்கு விற்பவரிடம்தான் மலிவு.

இதற்கு மனதில் நிற்க வேண்டிய எண் 0.91 மட்டும்தான். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற சங்கதி என்பதால் லிட்டர் ஒரு கிலோ எடை வராது, ஏறக்குறைய 910 கிராம்தான் வரும். கடலை, நல்லெண்ணெய், தேங்காய், சூரியகாந்தி எல்லாமே 0.91, 0.92 பக்கம்தான், வீட்டுக் கணக்குக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம். விளக்கெண்ணெய் மட்டும் கனம், அதற்கு 0.96.

1. மில்லியைக் கிராமாக்க 0.91ஆல் பெருக்குங்கள். 200 மில்லி என்றால் 182 கிராம்.

2. கிராமை மில்லியாக்க 0.91ஆல் வகுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் போதும்: ஊறுகாய்க்கு 250 கிராம் நல்லெண்ணெய் என்றால் 275 மில்லி. 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் இருக்கும்.

3. விலை. இங்கேதான் குழம்பும், ஏனென்றால் அளவுக்குச் செய்ததற்குத் தலைகீழ். கிலோ விலையை 0.91ஆல் பெருக்கினால் லிட்டர் விலை, அதாவது மேலே சொன்ன 330 ரூபாய் எண்ணெய் லிட்டர் 300தான் ஆகிறது. ஒரு கிலோவில் ஒரு லிட்டரைவிட எண்ணெய் அதிகம், அதனால் ஒரே எண்ணெய்க்குக் கிலோ விலைதான் எப்போதும் கூட வரணும். உங்கள் கணக்கில் குறைவாக வந்தால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டீர்கள், மாற்றிப் போடுங்கள்.

4. வீட்டில் அளக்க என் ஓட்டு டிஜிட்டல் தராசுக்குத்தான். அளவு கப்பில் வழிந்து ஒட்டியதைக் கழுவுவதே தனி வேலை. கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, ஊற்றினால் முடிந்தது. ஆனால் அதிலிருக்கும் மில்லி பட்டனைத் தொடாதீர்கள். விலை குறைந்த தராசுகளில் அது தண்ணீர்க் கணக்குத்தான் (ஒரு கிராமை ஒரு மில்லி என்று காட்டும்), சிலவற்றில் பால் கணக்கும் உண்டு. தண்ணீர்க் கணக்கில் 500 என்று காட்டும்போது கிண்ணத்தில் இருப்பது 550 மில்லி எண்ணெய். கிராமிலேயே வைத்துக்கொண்டு 455 வந்ததும் நிறுத்துங்கள், அதுதான் அரை லிட்டர்.

சந்தேகமா? ஒரு டம்ளரைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, 100 கிராம் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போடுங்கள். கொட்டிவிட்டு ஈரமில்லாமல் துடைத்து, அதே கோடு வரை எண்ணெய் விட்டால் 91, 92 காட்டும்.

பின்சேர்க்கை: சில எண்ணெய் பாக்கெட்டுகளில் ஒரு லிட்டருக்கு 910 கிராம் போடாமல் குறைவாகப் போட்டிருந்தார்களே, ஏன் என்று நீங்கள் கேட்கலாம். சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் 893தான். முன்பு சில பாக்கெட்டுகளில் இப்படிச் சூட்டு அளவைப் போட்டு லிட்டர் கணக்குக் காட்டினார்கள். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சரியாக அச்சிட வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு சொல்லிவிட்டது. எதுவானாலும் பாக்கெட் வாங்கும்போது கிராமை மட்டும் ஒப்பிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிட்டால் உருக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், கரண்டியால் வெட்டி எடுத்து அப்படியே எடை போடலாம்.